பெட்டிக்கு ஓர் இடம்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

போனை நீ எடுக்கப் போவதில்லை என்பது முடிவாகிவிட்டது. மணி அடித்து ஓய்ந்ததும் ஒரு பெண் குரல் வந்து, பிறகு முயலுங்கள் என்கிறது. அந்தப் பெண்ணோடு எனக்கு இப்போது நல்ல பழக்கம். அதனால்தான் காகிதத்துக்கு வந்தேன். வாசலில் விழும் விளம்பரத் தாளையே வரி விடாமல் படிக்கிறவன் நீ. கடிதத்தைப் பிரிக்காமல் இருக்க உன்னால் முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள், உன் குருவி, முழுகாமல் இருக்கிறாள். ஏழாம் மாதம். உன் அண்ணி இதைச் சொல்லத்தான் உன்னை அத்தனை முறை கூப்பிட்டாள். நீ தாத்தா ஆகப்போகிறாய், சின்னத் தாத்தா. முடிக்குச் சாயம் அடிப்பதை இனியாவது நிறுத்து.

குருவியின் கல்யாணம் முடிந்த கையோடு நாங்கள் இந்த ஊருக்குக் குடிவந்ததை நீ தப்பாகவே எடுத்துக்கொண்டாய். பெண்ணுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்பது ஒரு பாதி. மறு பாதியை உன்னிடம் சொல்வதற்கென்ன, இங்கே என்னை நோயாளியாகத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. பஸ்ஸில் யாரும் எனக்காக எழுந்து நிற்பதில்லை. நிற்கவைத்தே கூட்டிப்போகிறார்கள். ரத்தம் சரியானாலும் முட்டி பழைய முட்டிதான், ஆனாலும் நிற்கிறேன்.

கீழே ஒரு மரக்கடை. கடைக்காரர் மத்தியானத்தில் தன் பட்டறையை எனக்கு விட்டுத் தருகிறார். குழந்தைக்குத் தொட்டில் செய்கிறேன். நாம் இரண்டு பேரும் ரம்பத்தைத் தொட்டிருக்கிறோமா சொல்? பென்சில் சீவவே அம்மா விட்டதில்லை. போன வாரம் ரம்பம் வழுக்கி இடது கட்டைவிரலில் நன்றாக இறங்கிவிட்டது. கடைக்காரர் பதறித் துணி தேடப் போனார். நான் விரலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். வந்தது. கொஞ்சம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. அவ்வளவுதான், நின்றுவிட்டது.

அப்போது நான் குதித்திருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் இருந்தது. சிகிச்சை எடுத்த நாளிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை.

உனக்கு இப்போது யார் ஊசி போடுகிறார்கள்? என் கையை நீயும் உன் கையை நானும் குத்திப் பழகியது. உன் நரம்பு நழுவும், மற்றவர்களுக்குப் பிடிபடாது. அதை மட்டுமாவது எழுது.

அந்த மருந்துப் பெட்டி விஷயத்தை இன்னும் மனதில் வைத்திருக்கிறாய் போல. மூன்று நாள் சமாச்சாரம். ரிசப்ஷனில் ஒரு வாய் சாப்பிடாமல் தட்டை அப்படியே வைத்துவிட்டு நீ கிளம்பிப் போனதைப் பார்த்து நாலு பேர் என்னைக் கேட்டார்கள். அப்புறம் நாங்கள் சாமான் கட்டி ஊரைவிட்டுக் கிளம்புகிற வரைக்கும் நீ வேலை செய்கிற கடையின் மாடியிலேயே படுத்துக்கொண்டாய். கோபத்தைச் சோற்றில் காட்டுகிற வயசா உனக்கு?

அண்ணன்


பிப்ரவரி 14

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. குருவிக்கு என் ஆசியைச் சொல்லுங்கள். அண்ணிக்கும் விசாரிப்பு.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை வழக்கம்போல. வீட்டுக் குழாய் ஒழுகியது, சரி செய்தாகிவிட்டது. ஊசியை நானே போட்டுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. குருவி தன் பிரசவ டாக்டரிடம் நம் குடும்பத்து ரத்தம் பற்றிச் சொல்லிவிட்டாளா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுதினால் போதும்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

இது என்ன புதிதாக ‘உங்கள்’, ‘சொல்லுங்கள்’? பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று கூப்பிட்டு அம்மாவிடம் அடி வாங்கியவன். இப்போது மரியாதை கொடுத்து அடிக்கிறாயா? பேங்க்கில் இருந்து வந்த கடிதம் மாதிரி இருந்தது.

பெட்டி விஷயத்தை ஒருமுறை பேசி முடித்துவிடுவோம். கல்யாணத்துக்காகச் சம்பந்தி வீட்டார் மூன்று நாள் நம் வீட்டில் தங்குவதாக இருந்தது. தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால் முன் தட்டில் உன் மருந்துப் பெட்டி. இது என்ன என்று கேட்பார்கள். ரத்தம் உறையாத நோய், பரம்பரை என்று ஆரம்பித்தால் எங்கே போய் முடியும்? என்னைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. என் மருந்துகளை அந்த ஒரே ஒரு சிகிச்சைக்குப் பிறகு தூக்கிப் போட்டாகிவிட்டது. முட்டியைக் கேட்டார்கள், சைக்கிளில் விழுந்தேன் என்றேன். மிச்சம் இருந்தது உன் பெட்டிதான். அதனால்தான் மாடி வீட்டு டீச்சரிடம் கொடுத்து வை என்றேன். உன்னையா மறைத்தேன்? பெட்டியைத்தானே.

என் இடத்தில் இருந்து பார். டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தே காலம் தள்ளியவன். நான் போகிற இடமெல்லாம் எனக்கு முன்னால் அந்த நோயின் பேர் போய் நாற்காலி போட்டு வைத்திருக்கும். முதல்முறையாக ஒரு வீட்டில், பெண்ணின் அப்பா என்று மட்டும் என்னை உட்காரவைத்தார்கள். அதை நான் மூன்று நாள் அனுபவித்ததில் என்ன குற்றம்?

குருவிக்கு ஒன்றும் இல்லை. பெண்களுக்கு இது வராது என்று அம்மா காலத்திலிருந்து சொல்வதுதான். ஸ்கேன் எல்லாம் நன்றாக இருக்கிறது, வயிற்றைப் பார்த்தே பையன்தான் என்கிறாள் உன் அண்ணி. ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியை உட்காரவைத்துப் பயமுறுத்தச் சொல்கிறாயா? மாப்பிள்ளைக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. தெரிந்தால் முதல் கேள்வி, ஏன் முன்பே சொல்லவில்லை என்பதுதான்.

கோபித்துக்கொள்ளாதே, ஒன்று கேட்கிறேன். எனக்குக் கிடைத்தது உனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆற்றாமையில்தான் இப்படி நோண்டுகிறாயோ?

அண்ணன்


மார்ச் 1

அண்ணனுக்கு,

ஆற்றாமை இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். உங்கள் பரிசோதனை அறிக்கையும் என்னுடையதும் ஒரே நாளில் வந்தன. அந்தச் சிகிச்சையில் ஒரு புது மரபணுவை வைரஸின் கூட்டுக்குள் வைத்து அனுப்புகிறார்கள், என் ரத்தம் அந்த வைரஸை முன்பே எப்போதோ சந்தித்திருக்கிறது, அதனால் வாசலிலேயே அடித்து விரட்டிவிடும் என்றார் டாக்டர். எப்போது என்று கேட்டேன். சளியோடு சளியாக வந்து போயிருக்கும், உங்களுக்குத் தெரிந்தே இருக்காது என்றார். நினைவிலேயே இல்லாத ஒரு சளி. அதன்மேல் கோபப்படவும் முடியவில்லை. உங்கள்மேல் அதற்காகக் கோபப்பட்டதில்லை.

அன்று டாக்டர் சொன்ன இன்னொன்றை நீங்கள் காதில் வாங்கவில்லை. சிகிச்சை அன்று டீ குடிக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் கேட்டேன், எனக்கு இல்லை என்று ஆனபிறகும் எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டேன். புது மரபணு போய் உட்காருவது கல்லீரலில். அங்கே இருந்துகொண்டு, ரத்தம் உறையத் தேவையானதைச் சுரக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. நம் வித்து, அதாவது பிள்ளைக்குப் போவது, அதனால் மாறுவதில்லை. குருவியோ நீங்கள் நோயாளியாக இருந்தபோதே பிறந்தவள்.

நீங்கள் டிக்கெட் கொடுத்தவர், நான் கண்ணாடி பொருத்துகிறவன், இரண்டு பேருக்கும் புரிகிற மாதிரியே அவர் சொன்னார். நோய் இருக்கிற அப்பாவிடமிருந்து ஒவ்வொரு பெண்ணுக்கும் அது போகும். போகலாம் இல்லை, போகும். அவளுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும். அவளுக்குப் பையன் பிறந்தால் பாதிக்குப் பாதி. நம் அம்மாவுக்கும் ஒன்றும் இல்லைதானே? ‘பெண்களுக்கு வராது’ என்று சொல்லிச் சொல்லித்தான் நம்மைப் பெற்றாள்.

நமக்கு முன்னால் ஒருவன் பிறந்தான். மறந்துவிட்டீர்களா? தலையை ஆயுதம் போட்டு இழுத்தார்கள், உள்ளே ரத்தம் கசிந்தது, பேர் வைப்பதற்குள் போய்விட்டான். அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியாது. இன்றைக்கு நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

டாக்டருக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். ஆயுதம் போட்டு இழுக்கக் கூடாது. பிறந்ததும் தொடையில் சதை ஊசி போடக் கூடாது. தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து உடனே சோதிக்க வேண்டும். குருவிக்கே ரத்தம் அதிகம் போகலாம், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். இதைச் சொல்ல உங்களுக்கு இந்த மாதம் முழுக்க இருக்கிறது. சொல்லவில்லை என்றால் நான் அவளுக்கு எழுதுவேன்.

தொட்டிலின் மூலைகளைக் கூராக விடாதீர்கள். வட்டமாக இழையுங்கள்.

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

எழுதாதே. நானே சொல்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. வந்தது என்றால் வந்த மாதிரி இருந்தது, கையை நீட்டிப் பிடிக்கப் போனால் அங்கே ஒன்றும் இல்லை. இரண்டாம் முறை எழுத்தை மட்டும் பார்த்தேன். உன் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். இதில் வரிகள் எல்லாம் கீழே சரிகின்றன, பாதிக்கு மேல் இடது கையால் எழுதியது மாதிரி இருக்கிறது.

உன் வலது கைக்கு என்ன?

அண்ணன்


மார்ச் 12

அண்ணனுக்கு,

கேட்டதால் எழுதுகிறேன். கேட்காவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

பெட்டியை மாடி வீட்டு டீச்சரிடம் கொடுத்தபோது, குளிரில் வையுங்கள் என்றேன். நல்ல மனுஷி. மருந்து என்றதும் பத்திரமாக இருக்கட்டும் என்று ஐஸ் உறைகிற பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். நம் வீட்டில் இத்தனை வருஷம் அது முன் தட்டிலேயே இருந்ததால், உறையவிடக் கூடாது என்று வேறு யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. ஆகவே தப்பு அவருடையது இல்லை. உங்களுடையது என்றும் நான் எழுதவில்லை.

ரிசப்ஷன் அன்று காலையில் நாற்காலிகளை இறக்கினேன். வலது முழங்கையில் சூடு தெரிந்தது. உங்களுக்குத்தான் தெரியுமே, முதலில் சூடு, அப்புறம் குறுகுறுப்பு, அதற்குள் மருந்து போட்டுவிட வேண்டும். மாடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். எல்லாம் கட்டி. புதுச் சப்ளை அடுத்த வாரம்தான். உறைந்தது கெட்டது என்று தெரிந்தே கரைத்து ஏற்றிக்கொண்டேன். குத்த உங்களைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். நீங்கள் சம்பந்தியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மருந்து கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் கை வீங்கி மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. தட்டை இடது கையில் பிடித்தேன், சாப்பிட வலது கை வாய்க்கு எட்டவில்லை. அதனால் தட்டை வைத்துவிட்டுப் போனேன். கோபத்தில் இல்லை. போனது கடை மாடிக்கும் இல்லை, ஆஸ்பத்திரிக்கு. யார் கேட்டாலும் நான் கடை மாடியில் இருப்பதாகச் சொல்லும்படி என் முதலாளியிடம் சொன்னேன். கல்யாண வீட்டில் எதற்கு என்று.

இப்போது முழங்கை பாதிக்கு மேல் நீளுவதில்லை. திருகாணி வேலையை இடது கையால் பழகிக்கொண்டேன். ஊசியும் இடது கையால்தான், வலது புறங்கையில். மூன்றில் ஒன்று நரம்பில் இறங்குகிறது, மற்றதெல்லாம் காற்றுக்கு.

எனக்கு இதில் ஒன்றும் தோன்றவில்லை. நீங்கள் எழுதியிருந்த பல் ஊசி மாதிரிதான்.

குருவியிடம் சொல்லிவிட்டீர்களா?

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் பட்டறைக்குப் போனேன். உன் கையைப் பற்றி எழுத ஏதாவது வார்த்தை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், அது மரச்சீவல் மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன். எழுந்து நேரே குருவி வீட்டுக்கு நடந்தேன்.

அவள் சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டேன். நீ எழுதியதை எழுதிய வரிசையிலேயே சொன்னேன். ஈரல், வித்து, பெண்ணுக்குப் போகும், பையனுக்குப் பாதிக்குப் பாதி. நமக்கு முன்னால் பிறந்தவனையும் சொன்னேன். அவள் ஒரு பீன்ஸை எடுத்து, நறுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“சித்தப்பா அந்தப் பெட்டிய மாடிக்கு எடுத்துட்டுப் போனப்ப, நான்தான்ப்பா கதவத் தொறந்து விட்டேன். எதுக்குன்னு கேக்கவே இல்ல. கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.”

உன் கை விஷயத்தையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்து இருந்துதான் இங்கே வந்து நிற்கிறோம். அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசவில்லை. அன்று மாலை மாப்பிள்ளையோடு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். டாக்டர் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார், அங்கே ரத்த டாக்டர் இருக்கிறார். குருவியின் ரத்தத்தையும் எடுத்திருக்கிறார்கள். ரத்தத்தை உறையவைக்கும் சத்து வேண்டிய அளவில் பாதிக்கும் கீழே இருக்கிறதாம். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்த பெண்.

மறுநாள் சம்பந்தி அம்மா வந்தார். உன் அண்ணி டீ போட்டாள், அவர் குடிக்கவில்லை. கத்துவார் என்று நானும் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க வேணாம்னு சொல்லியிருப்போமா, மாட்டோமான்னு எனக்கே தெரியலீங்க. அதத் தெரிஞ்சுக்க எங்களுக்கு ஒரு வாய்ப்பு குடுத்திருக்கலாம்.”

போய்விட்டார். மாப்பிள்ளை என்னை மாமா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தொண்டையைக் கனைத்துவிட்டுப் பேசுகிறார். நல்ல பையன், கனைப்பதில்கூட மரியாதை இருக்கிறது.

என்னைத் திட்டி நாலு வரி எழுது. நிஜமாகத்தான் சொல்கிறேன். மற்றவர்கள் எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள், எனக்குத் தாங்கவில்லை.

அண்ணன்


மார்ச் 27

அண்ணனுக்கு,

திட்ட வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

சொன்னது நல்லது. உங்களுக்கு அது லேசாக இருந்திருக்காது என்று தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து இருப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். சில இடங்களில் வேண்டும் என்கிறபோதுதான் தேடுவார்கள்.

குருவி எனக்குப் போன் செய்தாள். எடுத்தேன். கை எப்படி இருக்கிறது என்றாள், இருக்கிறது என்றேன். போனை வைக்காமலேயே சமையலைப் பார்த்தாள். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

பையன் பிறந்துவிட்டான். ஆயுதம் போடவில்லை. குருவிக்குக் கொஞ்சம் அதிகமாகப் போனது, மருந்து கையோடு இருந்ததால் சமாளித்துவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள்.

குழந்தைக்கு நோய் இருக்கிறது. ரத்தத்தை உறையவைக்கும் சத்து நமக்கு இருந்த அதே அளவு. அதாவது, ஒன்றும் இல்லை என்கிற அளவு.

ரத்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தலையை ஆட்டினேன். அவருடைய மேஜையில் ஒரு சின்ன காலண்டர் இருந்தது, போன மாதத் தாளைக் கிழிக்கவில்லை. கிழிக்கட்டுமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

எனக்குக் கொடுத்தது என்னோடு நின்றுவிடுகிறது, நான் கொடுத்தது நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. உட்கார்ந்து உட்கார்ந்து இதையேதான் நினைக்கிறேன். டாக்டரிடம் கேட்டுவிட்டேன், என் ஈரலில் இருப்பதில் கொஞ்சம் எடுத்து அவனுக்குக் கொடுக்க முடியுமா என்று. முட்டாள்தனமான கேள்வி என்று தெரிந்தேதான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இந்தச் சிகிச்சையைச் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை, ஈரல் வளர வளர அது கரைந்துபோய்விடும், பெரியவனாகட்டும் என்றார். அதுவரை ஊசிதான்.

மூன்றாம் நாள் தலையில் லேசாக ஒரு வீக்கம். உடனே மருந்து ஏற்றினார்கள், இப்போது வடிந்துவிட்டது, ஸ்கேனிலும் உள்ளே ஒன்றும் இல்லை. அதைச் சொல்ல வரவில்லை. நரம்பு கிடைக்காமல் அந்த நர்ஸ் பெண் குத்திக் குத்திப் பார்த்தாள். குழந்தையின் அழுகை மூச்சை இழுத்துப் பிடிக்கிற அழுகை. நான் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தேன். என் கை தானாக உயர்ந்துவிட்டது. கட்டைவிரலால் தடவி நரம்பை நிறுத்துவோமே, அந்த மாதிரி. காற்றைத் தடவிக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் குருவி நின்றிருந்தாள். என் கையைப் பார்த்தாள். ஒரு மாதமாக என்னோடு பேசாதவள் கேட்டாள்.

“உங்களுக்கு இன்னும் ஊசி போட வருமாப்பா?”

வரும் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. தெரியவில்லைம்மா என்றேன். சிகிச்சைக்கு அப்புறம் நான் ஊசியைத் தொடவே இல்லை. உன் கைக்கும் போடவில்லை. கல்யாண வேலை, கல்யாண வேலை என்று உன்னைத் தட்டிக் கழித்தேன்.

அப்போதுதான் எனக்கு வலித்தது தம்பி. இத்தனை நாளுக்கு அப்புறம், அந்தக் கண்ணாடிக்கு முன்னால். உட்கார இடம் தேடினேன்.

கொஞ்ச மாதத்தில் அவனுக்கு வாரா வாரம் ஊசி ஆரம்பிக்க வேண்டும், வீட்டில் யாராவது பழகிக்கொள்வது நல்லது என்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ரத்தத்தைப் பார்த்தாலே முகம் வெளுத்துவிடுகிறது. குருவி பழகுவாள், ஆனால் பெற்றவளுக்குக் கை நடுங்கும், நம் அம்மாவுக்கு நடுங்கியதுதானே.

உனக்கு ஊசி போட ஆள் வேண்டும். எனக்குக் கையை மறுபடி பழக்க ஒரு கை வேண்டும். உன் கையை விட நழுவுகிற நரம்பு உலகத்தில் வேறு யாருக்கும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வருகிறேன். நின்றுகொண்டே வருவேன். வரலாமா என்று நீ எழுதுகிற வரைக்கும் கிளம்ப மாட்டேன்.

தொட்டில் முடிந்துவிட்டது. மூலைகளை வட்டமாக இழைத்துவிட்டேன்.

அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணா,

வா.

வலது முழங்கை மடிப்பில் போட முடியாது, அது நீளாது. இடது கையில் போடு. முதல் வாரம் தப்புத் தப்பாகத்தான் போடுவாய், அதற்கு வருத்தப்பட்டுக்கொண்டு உட்காராதே. என் கை அதையெல்லாம் தாண்டி வந்துவிட்டது. குழந்தையின் கை தாண்ட வேண்டாம்.

திட்டுவதாகச் சொல்லியிருந்தேன் இல்லையா, இப்போது வருகிறது. பெட்டியை மறைத்ததைக்கூட விட்டுவிடுகிறேன். அந்த மூன்று நாளும் சம்பந்தி வீட்டாருக்கு ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் நான்தான். திறக்கும்போதெல்லாம் முன் தட்டில் அந்தக் காலி இடத்தைப் பார்த்தேன். நீயும் பார்த்திருப்பாய். ஒரு தடவைகூட உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா? இதை நேரில் கேட்க இருந்தேன். எழுதிவிட்டேன், இனி கேட்க மாட்டேன்.

டீச்சரிடம் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். என் கை எதனால் இப்படி ஆனது என்று அவருக்குத் தெரியாது, சொல்லப்போவதும் இல்லை. நீயும் சொல்லாதே.

இன்னொன்று. குழந்தைக்குச் சளி, காய்ச்சல் என்றால் பதறாதே என்று குருவியிடம் சொல். எந்தச் சளி எனக்குக் கதவைச் சாத்தியது என்று எனக்கே தெரியாது. எதையென்று பொத்திப் பொத்திக் காப்பது? அவன் தெருவில் விளையாடட்டும். பெரியவனானதும் அந்தச் சிகிச்சைக்குக் கதவு திறந்திருந்தால் போகட்டும். சாத்தியிருந்தால், ஊசி போட ஆள் இருக்கிறது.

மணி அடித்தால் நான் எழுந்து வர நேரமாகும். சாவி வழக்கமான இடத்தில்தான். வந்ததும் கையைக் கழுவிவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்தை வெளியே எடுத்து வை, குளிர் போகட்டும். என் பெட்டி முன் தட்டில் பழைய இடத்திலேயே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஜாம் பாட்டில்களை எல்லாம் எடுத்துக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். அதில் எதையும் வைத்துவிடாதே. குருவி பிள்ளையோடு இங்கே வந்து தங்கும்போது அவன் பெட்டி வைக்க வேண்டும்.

தம்பி